ரபீக்கை ஏற்றாமல் போன வேன்

பழைய மாணவர் சங்கத்து நண்பர்கள் எட்டுப் பேர், கோவையிலிருந்து ஊட்டி ஏரியில் நடந்த பல்கலைக்கழகப் படகுப் போட்டியைப் பார்க்க வேன் பிடித்தோம். எங்களில் ஒருவனான ரபீக்கின் தங்கையும் அதில் துடுப்புப் போட்டாள்.

ஏற்றிக்கொள்ளப் போன வீட்டிலெல்லாம், “ஏங்கண்ணு, காப்பி குடிக்காமப் போறதா?” என்று உட்கார வைத்துவிட்டார்கள். மறுக்க முடியுமா? மணி எட்டைத் தாண்டியது. உக்கடத்தில் இருந்த ரபீக் மட்டும்தான் பாக்கி. “உக்கடம் சுத்திப் போனா போட்டி முடிஞ்சுரும். அவன் பஸ்ல வந்துக்குவான், உடுங்ணா” என்று டிரைவரை விரட்டியது நான்தான்.

போட்டி முடிந்த பிறகே ரபீக் ஓடி வந்தான். “பாப்பா எப்படிடா ஓட்டுனா?” என்றான். கரையில் இடம் பிடிக்க அலைந்ததில் அவள் எந்தப் படகு என்றே நான் கவனிக்கவில்லை. “ஜெயிச்சுட்டாடா” என்று சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தபடி போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். போட்டியில் கடைசியாக வந்திருந்த அவள் உடைந்து அழுதாள்.

“நான் பார்க்கலடா” என்று சொல்ல அன்று எனக்கு ஒரு விநாடிகூட ஆகியிருக்காது.