தீர்த்தம்மாள் வைத்த சூடு

ஏரியூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் கைக்குழந்தைக்கு வாந்தி, பேதி என்று மாந்தம் கண்டால் சூடு வைப்பார்கள். மஞ்சள் கொம்பை எண்ணெயில் நனைத்து விளக்கில் காட்டி, கனன்ற முனையை வயிற்றில் வைத்து எடுப்பது. யார் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. அதற்கென்று ஊருக்கு ஒரு ராசியான கை உண்டு. எங்கள் ஊரில் அந்தக் கை ரங்கம்மாளுடையது. கண்ணில் பூ விழுந்து பார்வை போனதும் அவள் அந்தப் பொறுப்பை மருமகள் தீர்த்தம்மாளிடம் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டாள், சரி. வாங்கிக்கொண்டவள் பாடு யாருக்குத் தெரியும்? தீர்த்தம்மாளின் மூத்த பையனுக்கு ரங்கம்மாள் வைத்த சூடு சீழ் பிடித்து, அவன் பிழைத்ததே பெரும்பாடு. முடியாது என்று மாமியாரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இன்னொருத்தி பெற்ற பிள்ளையைச் சுடக் கையும் வரவில்லை.

அதனால் ஒரு தில்லுமுல்லு கண்டுபிடித்தாள். கரியாகச் சுட்ட வசம்பை விளக்கெண்ணெயில் குழைத்து இடது கையில் மறைத்துக்கொள்வாள். வலது கையில் எல்லோரும் பார்க்க மஞ்சள் கனலும். குழந்தைமேல் குனிந்து, முதுகால் கூட்டத்தை மறைத்து, வயிற்றில் கரிப்பொட்டு வைப்பாள். அதே நேரம் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. குழந்தை ஊரைக் கூட்டும், தாய் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மஞ்சள் தண்ணீரில் விழுந்து சுர்ரென்று அணையும். சூடு வைத்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்புவாள். கரி அழிவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தேறிவிடும்.

என் தொடையும் அந்தக் கிள்ளை வாங்கியதுதான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் முழுக்க இப்படியே ஓடியது. தழும்பே விழாமல் சூடு வைக்கிறாள், என்ன கைநயம் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்தார்கள். ரங்கம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் மருமகளின் புகழை அவிழ்த்துவிடுவாள். தீர்த்தம்மாள் உள்ளே திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கோடையில் மாதேஸ்வரனும் அவன் பெண்டாட்டி சின்னபொண்ணும் தங்கள் முதல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தியும் பேதியுமாக இருந்த பெண் குழந்தை. தீர்த்தம்மாள் வழக்கம்போல் குனிந்தாள், பொட்டு வைத்தாள், கிள்ளினாள். குழந்தை அழவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினாள். அரைக்கண்ணால் பார்த்ததே தவிர, ஒரு முனகல்கூட இல்லை.

"எம் பொண்ணு எவ்ளோ தைரியசாலி பாருங்க" என்றாள் சின்னபொண்ணு.

அழக்கூடத் தெம்பில்லை என்று தீர்த்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எதற்கும் பென்னாகரம் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்றாள். மாதேஸ்வரன் சிரித்தான். அக்கா கையால் சூடு வைத்த பிறகு ஆஸ்பத்திரி எதற்கு என்று சொல்லி, வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான். அவள் சம்பாதித்த பெயரே இப்போது குழந்தைக்கு எமனாக நின்றது. வாயை மூடிக்கொண்டால் பெயர் தப்பும், குழந்தை தப்பாது. வாயைத் திறந்தால் வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமியார் காதில் விழும். வாழ்க்கையில் அவள் அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான்.

ஓடிப்போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

"நான் சூடே வெக்கல மாதேசா. வெறும் கரியைத் தடவி ஏமாத்தினேன். இதுவரைக்கும் ஒரு புள்ளைக்கும் வெச்சதில்ல. கிள்ளினாத்தான் அழுவும், இது கிள்ளியும் அழுவல. வூட்டுக்குப் போவாத, ஆஸ்பத்திரிக்கு வுடு வண்டிய."

அவன் நம்பவில்லை. முந்தானையை எச்சிலில் நனைத்துக் குழந்தையின் வயிற்றைத் துடைத்துக் காட்டினாள். பொட்டு அழிந்தது, அடியில் வயிறு பளிச்சென்று இருந்தது. மாதேஸ்வரன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் திட்டிக்கொண்டே வண்டியைப் பென்னாகரம் பாதையில் ஓட்டினான்.

ஊரில் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை. ரங்கம்மாள் மட்டும் மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போட்ட களியைத் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தீர்த்தம்மாள் தினமும் தண்ணீருக்குப் போகும் சாக்கில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் வண்டி வந்தது. வண்டிக்கு முன்னால் குழந்தையின் அழுகை வந்தது. அவ்வளவு அழகான கத்தலைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்று தீர்த்தம்மாள் கடைசிவரை சொல்வாள். ஆஸ்பத்திரியில் உப்புத் தண்ணீர் ஏற்றிப் பிழைக்க வைத்திருந்தார்கள். சின்னபொண்ணு குழந்தையை அவள் மடியில் போட்டு, இனி யார் வந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றாள். அதன் பிறகு தீர்த்தம்மாள் அப்படித்தான் செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவள் சொன்னால் யாரும் மறுத்துப் பேசாமல் போனார்கள்.

அன்று குழந்தையைப் பார்க்க வந்த கூட்டம் கலைந்ததும் அவள் மாமியாரின் காலடியில் போய் உட்கார்ந்து, ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னாள்.

"என்னைய எங்கடி ஏமாத்தின" என்றாள் ரங்கம்மாள். "எனக்குக் கண்ணுதான் போச்சு, மூக்கு போவல. மொதல் புள்ளைக்கு நீ வெச்சப்பவே தெரியும். மஞ்ச வாசம் வந்துச்சு, வசம்பு வாசம் வந்துச்சு. தோலு கருகுற வாசமே வரல."

தீர்த்தம்மாள் திகைத்துப்போனாள். "அப்பவே கேட்டிருக்கலாமே அத்தே? இத்தன நாளா ஏன் பேசல?"



"கேட்டா ஊருக்குத் தெரிஞ்சு, நீ வேணாம், கண்ணு போனாலும் ராசிக் கை இருக்குதேன்னு மறுபடியும் என்னையத்தானே வெக்கச் சொல்லுவாங்க. இந்த நாலு நாளும் அந்தப் பயந்தான்" என்றாள் கிழவி. "எனக்கு மட்டும் மனசு வந்தா வெச்சேன்?"