புத்தாண்டுப் போணியும் ஒரு கறுப்புக் கோட்டும்

வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் குவியும் ஹோய் ஆன் ஊரில் கோட்டு தைக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவது ஒரு தையற்காரர் தலையில்தான் விழும். ஆனால் லுவாவைப் போலப் பொய் சொல்லி அளவெடுக்க இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும். தொந்தி பெருத்த வெள்ளைக்காரரின் இடுப்பை நாடாவால் சுற்றிவிட்டு, "அடேயப்பா, இருபது வயசுப் பையன் இடுப்பு!" என்பாள் அவருக்குப் புரியும் மொழியில். அதே மூச்சில் கணவன் தியெப்பிடம் சொந்த மொழியில், "முழுப் பூசணிக்காய். நாலு விரக்கடை தாராளமா வெட்டுங்க" என்பாள். வந்தவர் பூரித்துப்போய் இரண்டாவது கோட்டுக்கும் சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி ஊர் உலகத்தையே ஏய்க்கிறவள் ஒரே ஒரு விஷயத்துக்கு நடுங்குவாள். அது போணி. அதுவும் புத்தாண்டு விடுமுறை கழிந்து கடை திறக்கும் நாளின் முதல் போணி. அது கோணினால் வருஷமே கோணும். போன வருஷம் முதல் ஆளாக வந்தவன் அலமாரித் துணியையெல்லாம் புரட்டிப் போட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு வெறுங்கையோடு போனான். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் கடைக்குள் புகுந்து தையல் மெஷின்களை மூழ்கடித்தது. "வெள்ளம் வருஷா வருஷந்தானே வருது" என்று தியெப் வாய் தவறிச் சொன்னான். அன்று அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

அதனால் இந்த வருஷம் ஆளையே ஏற்பாடு செய்துவிட்டாள். அக்கா மகன் லோக். கொழுக்மொழுக்கென்று இருப்பான், எதற்கெடுத்தாலும் சிரிப்பான், பெயருக்கே செல்வம் என்று பொருள். கடை திறந்ததும் வந்து ஒரு கழுத்துப்பட்டை வாங்கினால் போதும். அதற்கான காசையும் அவளே முந்தின நாள் கொடுத்து வைத்திருந்தாள்.

சாமி மாடத்தில் ஊதுவத்தி ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். லோக்கைக் காணோம். தென்னை மர உயரத்தில் ஒரு வெள்ளைக்காரன், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான அரைக்கால் டவுசரோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு கோட்டு, பேண்ட்டு வேணும். கறுப்புல. நாளைக்குக் காலைல எனக்கு விமானம்."

"இன்னும் கடை தொறக்கல தம்பி" என்றாள் லுவா, இரண்டு கதவையும் திறந்து பிடித்தபடி.

"எங்கப்பா இறந்துட்டாரு. என்கிட்ட இருக்கறது இந்த டவுசர் மட்டுந்தான்."

துக்கம் நடந்த வீட்டார் புத்தாண்டு நாட்களில் அடுத்தவர் வாசல்படி மிதிப்பதில்லை. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவனோ படியைத் தாண்டி, உள்ளே வந்து, நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டான். அனுப்பிவிட்டால் வாங்காமல் போன முதல் ஆள். விற்றாலோ சாவுக் கோட்டுதான் வருஷத்தின் முதல் போணி. இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. காசு கை மாறினால்தானே போணி! லோக் வந்து சேரும்வரை இவனிடம் காசை மட்டும் வாங்காமல் இருந்தால் சரி.

முக்காலி போட்டு ஏறித் தோள் அளவு எடுத்தாள். பெயர் யாப், நெதர்லாந்துக்காரன் என்று தெரிந்தது. அவன் முன்பணத்தை நீட்டினான்.

"வேணாம் வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

முன்பணம் வேண்டாம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து தியெப் கேட்டதே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "காய்ச்சலா லுவா?"

"வாயை மூடிக்கிட்டுத் துணியை வெட்டுங்க."

லோக்குக்குப் போன் போட்டாள். "இதோ கெளம்பிட்டேன் சித்தி" என்று குழறினான். புத்தாண்டுச் சாராயம் இன்னும் இறங்கவில்லை. மதியம் யாப் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனபோதும் அதே "இதோ கெளம்பிட்டேன்."

"காலைலேருந்து எந்தச் சீமைலேருந்துடா கெளம்பிக்கிட்டே இருக்க?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவன் போனையே எடுக்கவில்லை.

நடுவில் இரண்டு சீமாட்டிகள் எட்டிப் பார்த்தார்கள். எப்படியாவது போணி ஆகட்டும் என்று லுவா அசல் பட்டுத் துண்டைப் பாதி விலைக்கு நீட்டினாள். இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் போலியாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

சாயங்காலம் கோட்டு முடிந்தது. தியெப் வாய்தான் துடுக்கு, கை பொன். யாப் கண்ணாடி முன்னால் நின்றான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. பையிலிருந்து பணத்தை எடுத்தான்.

"காசு வேணாம் தம்பி. சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றாள் லுவா.

தியெப்புக்குப் புரையேறிவிட்டது. யாப் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டு, "இந்த மனசு யாருக்கு வரும் அக்கா?" என்றான். அப்படி ஒரு மனசு காலையிலிருந்து தன்னிடம் இருந்ததே இல்லை என்பது லுவாவுக்குத் தெரியும். வெட்கமாகப் போயிற்று.

ஆனால் அவன் பணத்தை உள்ளே வைக்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க அக்கா. எங்கப்பா சந்தையில மீன் வித்தவரு. ஓசி கேக்கறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஓசிக் கோட்டோட அவர் முன்னால எப்படிப் போய் நிக்கறது?"

"மீன் வித்தாரா?"

"சாகற வரைக்கும். காலைல வர்ற முதல் காசு மேல 'தூ'ன்னு துப்பிட்டுத்தான் பையில போடுவாரு. அப்பத்தான் வியாபாரம் ஓடுமாம். அம்மா தலைல அடிச்சுக்குவாங்க."

லுவா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து செத்துப்போன அந்த மனிதரைப் பீடை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! அவரோ அவளைப் போலவே போணிக்குப் பயந்து பிழைத்த வியாபாரி.

"எங்க ஊர்லயும் அது உண்டு தம்பி" என்றாள். "இந்த வருஷத்துக்கு மொத ஆளு நீதான்."

மீன்காரர் மகனுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நானா? இந்தக் கோட்டுக்கா? ஐயோ, நான் தெருவுல நிக்கறேன் அக்கா. வேற யாராச்சும் வந்து வாங்கட்டும்" என்று புதுக் கோட்டோடு வாசலுக்கு ஓடினான்.

லுவா பாய்ந்து கோட்டின் கையைப் பிடித்தாள். "எங்கய்யா ஓடுற? அப்பன் முன்னால மரியாதையா நிக்கணும்னு வந்த புள்ள ராசியில்லாதவன்னா, வேற எவன் ராசிக்காரன்? எடு காசை."

"யோசிச்சுக்க லுவா, வருஷம் பூரா..." என்று இழுத்தான் தியெப்.

"யோசிச்சாச்சு."

சல்லிக்காசு குறைக்காமல் முழு விலையையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மேலே இருந்த நோட்டை உருவினாள். தேசத் தலைவர் படம் இருக்கும் பக்கத்தில் கூடாதே என்று திருப்பிப் பிடித்து, 'தூ' என்று துப்பினாள்.

"சரியா இருக்கா? அப்பா இப்படித்தான் துப்புவாரா?"

யாப்பின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இல்லக்கா" என்றான். "இன்னும் பலமா."