திருப்பிப் பார்க்காத சிவப்பு

"கூர்ந்த பார்வையும் நிதானமும் நீண்ட கள அனுபவமும் உடைய காளான் வகையறிநர்" என்று வனத்துறைக் கோப்பு அவளைப் பற்றிச் சொல்கிறது. கோப்புக்குக் கற்பனை அதிகம். ஒன்பது வருடத்தில் அவள் காட்டுக்குள் போனது நான்கு தடவை. நான்கிலும் அட்டைப்பூச்சிக்குப் பயந்து வழுக்கி விழுந்தாள். மற்றபடி மாடியறையும், காய்ந்த காளான் அடைத்த பெட்டிகளும்தான் அவள் காடு. காய்ந்தபின் எல்லாம் சுக்கு நிறம். வண்ணம் பெட்டிமேல் ஒட்டும் சீட்டில் எழுத்தாக மட்டும் இருக்கும். அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் குடைக்காரி.

வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவாள்: சிவப்புக் காளானைத் திருப்பி, குடைக்கு அடியில் இருக்கும் மடிப்பின் நிறத்தைப் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள். மஞ்சளென்றால் சமையலறை, வெள்ளையென்றால் ஆஸ்பத்திரி.

செவ்வாய்க்கிழமை அக்கா கைபேசியில் ஒரு படம் அனுப்பிக் கேட்டாள். மேலிருந்து எடுத்தது. செக்கச்சிவந்த குடை, விஷக்காளானுக்குரிய வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. குடைக்காரி பசையும் கையுமாகச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். "சாப்பிடலாம்க்கா, எனக்கும் கொஞ்சம் எடுத்து வை" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். என்ன காளான் என்று தெரிய வேண்டும் என்றார் டாக்டர். அக்கா பறித்த இடம் ஓடைப் பாலத்தருகே என்று அத்தான்தான் சொன்னார். கூடவே, "எந்தப் பாவி சாப்பிடலாம்னு சொன்னானோ. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றார்.

ஐந்தாம் தடவையாகக் காட்டுக்குப் போனாள். அட்டைப்பூச்சி ஞாபகமே வரவில்லை. அக்கா விட்டுவைத்த ஒன்று பாலத்தடியில் நின்றது. ஒன்பது வருடமாகச் 'சிவப்பு' என்று எழுதி வந்தவள் சிவப்பை அன்றுதான் பார்த்தாள். பக்கத்தில், இலை மறைவில், ஒரு குட்டிக் காளான். மழை படாத அதன் தலையில் புள்ளிகள் அப்படியே இருந்தன. பெரியதன் தலையை மழை கழுவியிருந்தது. இருந்தும் ஒரு நப்பாசையில் பெரியதைப் பிடுங்கித் திருப்பினாள். வெள்ளை. அதற்குள் மனசு மாறியிருக்கும் என்பதுபோல மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

அக்காவின் கைபேசியைத் திறக்க அத்தானுக்குத் தெரியாது. சாப்பிடலாம் என்றது யாரென்று சொல்லக்கூடியவள் அக்கா ஒருத்திதான், அவள் கண் திறப்பாளா என்று டாக்டருக்கே தெரியவில்லை. காளானோடு திரும்பியவளிடம் ஆஸ்பத்திரி நடைவழியில் அத்தான் எழுந்து வந்து, "நீ இருக்கியே, அது போதும்மா" என்றார். அவர் நாலு அறை கொடுத்திருந்தால் தேவலை.

டாக்டர் நீட்டிய தாளில் அவள் காளானின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே, சாப்பிடலாம் என்று சொன்னது நான் என்று எழுதி, முதலில் அத்தானிடம் படிக்கக் கொடுத்தாள்.