கரையில் ஒரு டிராக்டர் பாதை

யோகலட்சுமி, சுந்தரராஜ் அண்ணாச்சிக்கு முப்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். கம்ப்யூட்டருக்காக வாங்கிய பணம். தறிக்கு நூல்தார் சுற்றிய கூலியில் டிப்ளமோ முடித்தவள். சங்கரன்கோவிலில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வெள்ள வரைபடம் போட்டாள். ஒருத்தரும் கைதூக்கி விட்டதில்லை; அதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

வேலை இதுதான். ட்ரோன் அளந்து தந்த மேடுபள்ளத்தைத் திரையில் விரித்து, தண்ணீர் பரவக்கூடிய இடத்தைச் சுற்றிக் கோடு போட வேண்டும். உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்பினால், ஒரு கட்டத்துத் தண்ணீர் அடுத்ததற்குப் போகும். குளத்துக்கரை மேல் தனிக் கோடு இழுக்காவிட்டால் கரை இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இழுத்திருந்தாள். அப்படியும் திரையில் தண்ணீர் கரையைக் கடந்து தறித்தெருவுக்குள் வந்தது.

கண் எரிய எரியப் பார்த்தும் பிடிபடாமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குளத்துக்கே போனாள். கரையில் ஓரிடத்தில் மட்டும் புதுமண். கோடையில் வயலுக்குக் கரம்பை மண் அள்ளுகிறவர்கள் டிராக்டர் போகக் கரையை வெட்டுவார்கள். ஐப்பசிக்கு முன் மூடுவார்கள். ட்ரோன் பறந்தது சித்திரையில், வெட்டு திறந்து கிடந்தபோது. மூடிய மண்மேல் ஏறி நின்றாள். கால் கணுக்கால்வரை புதைந்தது.

அந்தத் தெருவில்தான் அண்ணாச்சியின் தறிக்கூடம். அதைக் காட்டி பேங்கில் லோன் கேட்டிருந்தார். வெள்ள வரைபடத்தில் தெரு முங்கினால் பேங்க் தராது என்று அவளைக் கூப்பிட்டார்.

"கரைய அடைச்சாச்சுல்லா. கம்ப்யூட்டர்லயும் அடைச்சிரு."

"திமிசு போட்டு இறுக்கல அண்ணாச்சி. மண்ணச் சும்மா தள்ளி வச்சிருக்காங்க. ஒரு மழைக்குத் தாங்காது."

"மழை பெய்யும்போது பாத்துக்கிடலாம். எனக்கு லோன் இப்பம்லா வேணும்."

"இறுகுத வரைக்கும் திறந்த கரைதான். அப்படித்தான் எழுதப் போறேன்."

"ஏட்டி, எம் பணத்துல வாங்கின பெட்டில எந் தெருவயே முக்குதியோ? அப்பம் பணத்த வச்சிட்டு எழுது."

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. ஒரு இடத்தில் பயந்து கோட்டை மாற்றினால் இந்தத் தொழிலில் அப்புறம் நேர்க்கோடு போடக் கையே எழாது என்பது மட்டும் தெரிந்தது. ஸ்கூட்டரை, பழைய வண்டி வாங்கும் பீர் மைதீனிடம் விற்றாள். குறைந்ததற்குக் கம்மலை அடகு வைத்தாள். வரைபடத்தில் தெருவைத் தண்ணீரின் நீலமாகவே விட்டு, காரணத்தையும் எழுதி அனுப்பிவிட்டு, நடந்தே தறிக்கூடத்துக்குப் போனாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

அண்ணாச்சி தறிச் சத்தத்துக்கு நடுவே கையை நீட்டினார். விரித்த உள்ளங்கையில் அவள் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தாள்.