ராங்கிக்காரியும் ஹெட்போனும்

சிவனம்மாளுக்கு ராங்கி அதிகம் என்று எங்கள் தெரு முடிவு கட்டியபோது, அவள் கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முடிவு கட்டுவதில் எங்கள் தெருவை மிஞ்ச திண்டுக்கல்லில் வேறு தெரு கிடையாது. ஒரு ஆளைப் பற்றி ஒரு தடவை பேசி முடித்துவிட்டால், பிறகு அந்த ஆளே வந்து மறுத்தாலும் நாங்கள் கேட்க மாட்டோம்.

சாட்சிகளுக்குக் குறைவில்லை. எதிர்வீட்டுக் கருப்பாயி கிண்ணத்தோடு போய், "கொஞ்சம் உப்பு குடு ஆத்தா" என்று கேட்டாள். சிவனம்மாள் அம்மியில் அரைத்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பருப்பா? இல்லையேக்கா" என்றாள். கேட்டது உப்பு, இல்லையென்றது பருப்பு. கருப்பாயி வெறுங்கிண்ணத்தோடு திரும்பி, "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போறா. இந்த நக்கலு எதுக்கு?" என்று வாசலிலேயே நின்று பொரிந்தாள். பால்காரர் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பின்னால் நின்று யார் பேசினாலும் சுவரிடம் பேசுவதுதான்.

எல்லாரையும்விட ராமுத்தாய்க்குத்தான் வயிற்றெரிச்சல். தாய் தகப்பன் இல்லாத தம்பி கண்ணுசாமியை வளர்த்து ஆளாக்கி, சின்னாளபட்டியில் நெசவுக்காரர் சோலைமுத்து வீட்டில் பெண் பார்த்துக் கட்டிவைத்தவள் அவள். குடியிருப்பும் பக்கத்து வீடுதான். "தொட்டுக்க வெஞ்சனம் என்னத்தா வச்ச?" என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டால், அந்த மகாராணி திரும்பாமல் கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பார்த்துக் கட்டிவைத்தது தானே என்பதால், அந்தக் கோபத்தை யார் தலையில் போடுவது என்றும் ராமுத்தாய்க்குத் தெரியவில்லை.

கண்ணுசாமிக்கு பஸ் ஸ்டாண்டை ஒட்டி ரேடியோ ரிப்பேர் கடை. மெல்லப் பேசுகிறவர். வாயைவிடக் காதுக்கு அதிகம் வேலை கொடுத்தே வளர்ந்த மனுஷன். மனைவியிடம் இன்னும் மெல்லப் பேசுவார். விளக்கை அணைத்த பிறகு, பகலில் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் இருட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறார். "இங்க இருக்க ஒனக்குப் பிடிக்கலையா?" என்று ஒரு நாள் கேட்டார். பதில் இல்லை. மறுநாளும் கேட்டார். அப்போதும் இல்லை. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஒரு பெண் இத்தனை முறை பேசாமல் இருந்தால் அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் நொந்து போனார்.

ஆனி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போகச் சோலைமுத்து வரப்போகிறார் என்று தகவல் வந்தது. ராமுத்தாய் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஏலே, நான் பார்த்த பொண்ணுதான். நானே சொல்றேன், கேட்டுக்க. ஆடிக்குப் போறவ அங்கனயே இருக்கட்டும். வாழப் பிடிக்காதவள இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போற?"

கண்ணுசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மனதுக்குள் பாதி சரி சொல்லியாகிவிட்டது என்பதுதான் உண்மை. இனி அவள் திரும்புவதும் திரும்பாததும் அந்த மிச்சப் பாதியில் இருந்தது.

வீட்டுக் கவலையை மறக்க அவர் கடைக் கவலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு நல்ல ஹெட்போன் வேண்டும். கடை இருந்த இடம் அப்படி. நத்தம், வேடசந்தூர், குஜிலியம்பாறை என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கூவுவார்கள், டிரைவர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டார்கள். இந்த இரைச்சலில் ரேடியோவுக்குள் மெல்லிசாக ஓடும் உறுமலை எப்படிக் கண்டுபிடிப்பது? நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவருடைய செட் சரியாகிவிட்டது என்று கொடுத்தனுப்பி, "வீட்ல வச்சா வண்டு பறக்குதுய்யா" என்று அது திரும்பி வந்தது. வெளிச்சத்தம் உள்ளே வராமல், உள்சத்தம் வெளியே போகாமல் காதை முழுசாக மூடுகிற ஹெட்போன் இருந்தால்தான் தொழில் நடக்கும்.

மதுரைக்குப் போய் அலைந்தார். ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டு ஹெட்போன் ஒன்று பட்டு மெத்தை வைத்து உட்கார்ந்திருந்தது. விலையைக் கேட்டதும் நீட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் இரண்டு கிடைத்தன. ஒன்று புதுசு. தட்டையாக, எடை தெரியாமல், இரண்டு கறுப்பு வில்லைகளைக் கம்பியில் கோத்த மாதிரி. இன்னொன்று பட்டாளத்தில் ஏலம் விட்ட சாமான். தோல் வைத்துத் தைத்த ஆழமான கிண்ணங்கள், தலையில் வைத்தால் கழுத்து இறங்கும் கனம். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேசி இரண்டையும் வாங்கி வந்தார்.

பட்டாளத்து ஹெட்போனில் ஒரு வில்லங்கம் இருந்தது. ரேடியோவின் பின்பக்கம் செருகினால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. அதைப் பேசவைக்கத் தனியாகத் தெம்பு வேண்டும். கண்ணுசாமி கடையில் கிடந்த பழைய ரேடியோ வால்வுகளைப் போட்டுச் சின்னதாக ஒரு ஆம்ப்ளிபயர் கட்டினார். அதற்கும் ஹெட்போனுக்கும் ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தார், அது சரியில்லை என்று கழற்றி வேறொன்றைக் கம்பி சுற்றிச் செய்து வைத்தார். பெண்டாட்டியைப் பற்றி யோசிக்காமல் இருக்க ஒரு மனுஷன் எவ்வளவு கம்பி வேண்டுமானாலும் சுற்றுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் பரப்பினார். திருச்சி வானொலியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று நாலு காதுகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்பது அவர் எண்ணம். முதலில் அக்காவைக் கூப்பிட்டார். பட்டாளத்து ஹெட்போனை மாட்டிய ராமுத்தாய், "ஆத்தாடி! மண்டைக்குள்ள வந்து ஊதுறானே!" என்று அலறிக் கழற்றிவிட்டாள்.

சிவனம்மாள் அடுப்படி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுசாமி கையைக் காட்டிக் கூப்பிட்டார், வந்து உட்கார்ந்தாள். தட்டையான புது ஹெட்போனை முதலில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். வில்லை தோட்டை அமுக்க, தோட்டின் திருகு காதுக்குப் பின்னால் குத்தியது.

"தோட்டைக் கழட்டிட்டு மாட்டிப் பாரேன்" என்றார் கண்ணுசாமி.

ராமுத்தாய் பாய்ந்து வந்தாள். "கிறுக்கா புடிச்சிருக்கு? காலங்காத்தால, கட்டுன பொண்டாட்டிய தோட்டைக் கழட்டச் சொல்ற? நீ ஒக்காந்து கேக்குறியே அந்தக் கருமத்துக்காக, சுமங்கலி வெறுங்காதோட இருக்கணுமா?"

எவ்வளவு கோபம் இருந்தாலும் அவளுக்குச் சில விஷயங்களில் தம்பி மனைவி தன் வீட்டுப் பெண்தான்.

தோட்டின் புண்ணியத்தில் புது ஹெட்போன் ஒதுங்கியது. பட்டாளத்துக் கிண்ணத்தில் தோடும் காதும் சேர்ந்து சௌகரியமாக அடங்கின. கண்ணுசாமி, அக்காவுக்கு வைத்த அளவிலேயே சத்தத்தை வைத்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கலையே" என்றாள் சிவனம்மாள்.

ஒயர் விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். செருகியை ஆட்டிப் பார்த்தார். ஆம்ப்ளிபயரின் சத்தத் திருகைக் கொஞ்சம் கூட்டினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தவர் அதே வேகத்தில் பிடுங்கி எடுத்தார். காது கிழிந்துவிடும் போலிருந்தது. மறுபடி அவளுக்கு மாட்டினார். "இல்லீங்க" என்றாள்.

ரிப்பேர்க்காரர் புத்தி வேறு மாதிரி. கோளாறு எங்கே என்று ஊகிக்க மாட்டார், ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வருவார். ரேடியோ நன்றாக இருக்கிறது. ஆம்ப்ளிபயர் நன்றாக இருக்கிறது. டிரான்ஸ்பார்மர், ஒயர், செருகி, ஹெட்போன், எதிலும் கோளாறு இல்லை. இனித் தொட்டுப் பார்க்க அந்தப் பாதையில் மிச்சம் இருந்தது அவள் காதுதான். கண்ணுசாமியின் கை திருகின் மேலேயே நின்றுவிட்டது.

இருட்டில் பேசினால் பதில் இல்லை. பின்னால் நின்றால் பதில் இல்லை. முகத்துக்கு நேரே நின்று, வாய் அசைவது தெரிந்தால் பதில் உண்டு.

திருகை மெல்ல, இன்னும் மெல்லக் கூட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சிவனம்மாளின் கண்கள் விரிந்தன. இரண்டு கைகளாலும் கிண்ணங்களைப் பொத்திக்கொண்டாள். "மேளம்!" என்று சத்தமாகச் சொன்னாள். "தவுலு கூட கேக்குது!"

கிண்ணங்கள் இறுக மூடியிருந்ததால் அறைக்குள் வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ராமுத்தாய்க்கு விஷயம் புரியாமல், "மேளம் கேட்டதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள். கண்ணுசாமி பதில் சொல்லாமல் ரேடியோவின் ஒயரைப் பிடுங்கினார். ரிப்பேருக்கு வந்திருந்த மைக் ஒன்று மூலையில் கிடந்தது, அதை எடுத்து ஆம்ப்ளிபயரில் செருகினார். எழுந்துபோய் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அக்கா இருக்கிறாளே என்ற கூச்சம்கூட அவருக்கு அப்போது வரவில்லை. இருட்டில் பேசும் அதே குரலில் கேட்டார்.

"இங்க இருக்க ஒனக்குப் பிடிக்கலையா?"

சிவனம்மாள் சட்டென்று திரும்பினாள். மைக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஏங்க, நீங்க எங்கிட்ட இப்படியெல்லாம் பேசுவீங்களா?"

கண்ணுசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. இருட்டில் அவர் பேசினார் என்பதே அவளுக்குத் தெரியாது. காரியத்துக்கு மேல் வாய் திறக்காத ஊமைக்கோட்டான் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டோமே என்று அவள் ஒரு பக்கம் மருகிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் போக, இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், அதுவும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்கு ஒரு வருத்தம்.

"எங்க ஊர்ல எல்லாரும் நல்லா வெளிப்படையா பேசுவாகளே" என்றாள்.

பேசமாட்டார்களா பின்னே! விடிந்ததிலிருந்து தறிகள் தடதடக்கிற வீட்டில் ஆளுக்கு ஆள் கத்தித்தான் பேசுவார்கள், பாதியைக் கையாலும் கண்ணாலும் முடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து கேட்பது மங்கிப்போன பிள்ளை, அந்தச் சத்தத்துக்கு நடுவே மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்திருக்கிறது. பெற்றவர்களுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

ராமுத்தாய்க்கு விவரம் விளங்கச் செத்த நேரம் ஆயிற்று. விளங்கியதும் நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா! ராங்கி இல்லையா? காதுதானா!" என்றாள். காது கேட்காததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு நாத்தனாரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தான் பார்த்த பெண் சோடைபோகவில்லை என்பதில் அவளுக்கு இறங்கிய பாரம் அவ்வளவு. அன்றே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கருப்பாயி ஒரு படி உப்பைக் கொண்டுபோய் சிவனம்மாளிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அது எதற்கென்று யாருக்கும் புரியவில்லை, அவளுக்கே புரிந்திருக்காது.

கண்ணுசாமி தட்டையான ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டாளத்து ஹெட்போனை வைத்துக்கொண்டார். கடைக்கு அது போகவே இல்லை. பகலில் சமையல் முடிந்ததும் சிவனம்மாள் அதை மாட்டிக்கொண்டு நாதஸ்வரம் கேட்பாள். நத்தத்துத் தோப்புக்காரரின் வண்டு அது பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது.

ஆடிக்கு அழைக்கச் சோலைமுத்து பழமும் பலகாரமுமாக வந்தபோது, ராமுத்தாய் அவரை வாசலிலேயே மறித்தாள். "மாமா, ஒண்ணு சொல்றேன். ஆவணி ஒண்ணாந்தேதி பொண்ணு இங்க இருக்கணும். ஒரு நாள் தள்ளுனாலும் நானே வண்டி பிடிச்சு வந்துருவேன்."

ஆவணி ஒண்ணாந்தேதி சின்னாளபட்டி பஸ் வந்து நின்றது. கண்ணுசாமி கடையை விட்டு எழுந்து ஓடினார், ராமுத்தாய் அவருக்கு முன்பே போய் நின்றிருந்தாள். ஜன்னலோரம் சிவனம்மாள் வேறு பக்கம் பார்த்தபடி இருந்தாள். ஆயுசில் குரலை உயர்த்தியறியாத கண்ணுசாமி, கண்டக்டர்களின் கூவலுக்கும் ஹாரன்களுக்கும் மேலே, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"சிவனம்மா! சாப்டியா?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. சிவனம்மாளும் திரும்பினாள்.

"சாப்ட்டேங்க!" என்று அதைவிடப் பலமாகப் பதில் வந்தது.