காருக்குக் கொண்டுவந்த எண்ணெய்

ஆண்டவர் எங்களுக்கு ஒரு கார் கொடுத்துவிட்டார் என்று சபையில் எழுந்து நின்று நான் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. எங்களிடம் கார் இல்லை. அப்பாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. மழைக்காலத்தில் அதையும் யாராவது பின்னால் தள்ளினால்தான் கிளம்பும்.

சபை தம்பின் பட்டணத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேன் பெரிய சாலையில் வந்து நின்று அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொள்ளும். எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து போனது நாங்கள் இருவர் மட்டுமே. வேனுக்குள் புது ரப்பர் வாடை நிறைந்திருக்கும். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு உருளைக்கிழங்கு வைத்த கறிபாப்பும் சூடான மைலோவும் கிடைக்கும். இப்போது நான் வேலை செய்யும் நீலாயில், அலுவலகத்துக்குக் கீழேயே ஒரு டயர் கடை இருக்கிறது. காலையில் அதைக் கடக்கும்போது மைலோ குடிக்க வேண்டும்போல் இருக்கும். காரணம் கேட்பவர்களிடம் சொல்லி விளக்க முடிந்ததில்லை.

பாஸ்டருக்கு அப்போது முப்பது வயதுகூட இருந்திருக்காது. எந்த வெயிலிலும் கோட்டும் டையும் போட்டிருப்பார். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு பெரியது.

“நம்ம அப்பா ராஜாதி ராஜா! ராஜாவோட பிள்ளைங்க ஏன் குறைஞ்சு போகணும்? கேளுங்க! கேட்டது கிடைச்சாச்சுன்னு இப்பவே வாயத் திறந்து சொல்லுங்க!”

அதன் பிறகு சாட்சி நேரம். ஒருவருக்குச் சுங்கை காடுட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கும். ஒரு அம்மாளுக்குத் துணி துவைக்கும் இயந்திரம். சாட்சி சொன்னவர்களை அடுத்த வாரத்திலிருந்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அம்மா ஒன்றரை வருடமாகப் படிக்கட்டை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா சபைக்குப் போனதே அப்பாவின் தோளுக்காகத்தான். செம்பனைக் குலை வெட்டும்போது மேலிருந்து ஒரு மட்டை வந்து விழுந்ததில் அப்பாவின் வலது தோள் போயிற்று. நீளக் கம்பில் கட்டிய அரிவாளை அதற்குப் பிறகு அவரால் தூக்க முடியவில்லை. மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கினாலும் பழைய சம்பளத்தில் பாதி வராது. அம்மா ஜெபித்தாள், உபவாசம் இருந்தாள். அப்பா சபைக்கு வரவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு பாஸ்டர், “ஆசீர்வாதம் வரலைன்னா உங்க வீட்டுல ஏதோ தடை இருக்கு” என்றார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஐந்தாறு தலைகள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. அம்மா குனிந்து, கைக்குட்டையின் முனையை முடிச்சுப் போட்டு அவிழ்த்தாள், மறுபடியும் முடிச்சுப் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“ஆண்டவர் எங்களுக்கு ஒரு கார் கொடுத்தாரு.” எல்லாரும் காத்திருப்பதுபோல் தெரிந்ததால், “வெள்ளைக் கார். நாலு கதவு” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மாடியே அதிரும்படி கைதட்டினார்கள். பாஸ்டர் என்னைத் தூக்கி ஒரு நாற்காலிமேல் நிறுத்தினார். “சனிக்கிழமை நானே வீட்டுக்கு வந்து அந்தக் காருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன்!” என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. பிறகு பாஸ்டரைச் சுற்றிக் கூட்டம், வேன்காரரின் அவசரம். சொல்ல முடியாமலே வந்து சேர்ந்தோம்.

வீட்டில் அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: “ஏண்டி அப்படிச் சொன்ன?”

“கிடைச்சாச்சுன்னு சொல்லச் சொன்னாரே.”

ஓங்கிய கையை அம்மா அப்படியே இறக்கிவிட்டாள். உள்ளே படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்ன கலருன்னு சொன்ன?” என்றார்.

“வெள்ளை.”

“தோட்டத்துச் சாலையில வெள்ளை தாங்காதுலா. ஒரே நாள்ல செம்மண் அப்பிக்கும்.” தோள் போன பிறகு அப்பா சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்த வாரம் முழுவதும் நான் தீவிரமாக ஜெபித்தேன். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது மோட்டார் சைக்கிள்தான் நின்றது. அதன் சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள், நடந்து. பாஸ்டர், பாஸ்டரம்மா, அவள் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. பெரிய சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்திருக்கிறார்கள். பாஸ்டரின் கோட்டு முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. வேன் எங்கே என்று நான் பாஸ்டரம்மாவைக் கேட்டேன். “அது டயர் கடைக்காரரோடதும்மா. ஞாயிறு மட்டும்தான் கொடுப்பாரு” என்றாள்.

பாஸ்டர் கையில் எண்ணெய்ப் புட்டியுடன் வாசலைச் சுற்றிப் பார்த்தார். “கார் எங்க அண்ணே?”

அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா முன்னால் வந்தாள். “கார் இல்ல பாஸ்டர். பிள்ளை தெரியாம சொல்லிருச்சு. ஞாயித்துக்கிழமையே சொல்லப் பாத்தேன், முடியல. மன்னிச்சுக்குங்க.”

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றபடி, “நீங்கதானே அப்படிச் சொல்லணும்னு சொன்னீங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது.

பாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, சட்டைப் பித்தானைக் கழற்றி வலது தோளைக் காட்டினார்.

“இவ்வளவு தூரம் கொண்டாந்துட்டீங்க. இதுக்குப் போடுங்க பாஸ்டர். இதுவும்தான் ஓட மாட்டேங்குது.”

பாஸ்டர் கோட்டைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த சட்டையின் காலர் நைந்து, திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. அப்பாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு எண்ணெயைத் தோளில் ஊற்றி, இரண்டு கைகளாலும் வெகுநேரம் பிடித்துவிட்டார். உதடுகள் அசைந்தன, சத்தமே வரவில்லை. மைக் இல்லாவிட்டால் அவருக்கு ஜெபம் வராதுபோல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தோள் குணமாகவில்லை. ஆனால் அன்று அப்பாவும் பாஸ்டரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாடின் மீன் குழம்பும் மரவள்ளிக் கீரையும். பாஸ்டர் மூன்று முறை சோறு வாங்கினார். மூன்றாவது முறை போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.

அடுப்படியில் பாஸ்டரம்மா குழந்தைக்குப் பால் கலக்கினாள். பையிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்து, ஒரே ஒரு கரண்டிப் பால் மாவைப் போட்டு, புட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினாள். அம்மா அதைக் கவனித்தாள். புட்டியை வாங்கிக் கொட்டிவிட்டு, எங்கள் பால் டின்னைத் திறந்து கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தாள். பிறகு அரிசி வாளியைத் திறந்து, ஒரு மாவுப் பைக்குள் அள்ளி அள்ளிப் போட்டாள். ஆறு முட்டை, கொஞ்சம் கருவாடு, அந்தப் பால் டின்.

பாஸ்டரம்மாவின் குரல் கீழே இறங்கியது. “பாஸ்டருக்குத் தெரிய வேணாம்க்கா.”

“எனக்கே தெரியாது. எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள் அம்மா.

எனக்குக் கோபமான கோபம். அது மாதக் கடைசி. அடுத்த மூன்று நாளும் இரவுக்கு வேகவைத்த மரவள்ளிக் கிழங்குதான். ராஜாவின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வீட்டு அரிசியை ஏன் தூக்கிப்போக வேண்டும்? அம்மாவிடம் கேட்டதற்கு, கிழங்கில் இன்னும் கொஞ்சம் தேங்காயைத் தூவிவிட்டு, “சாப்பிடு” என்றாள்.

மறுநாள் ஞாயிறு. சபையில் சாட்சி நேரம் வந்தபோது, யாரும் கூப்பிடாமலே அம்மா எழுந்தாள். காரைப் பற்றிச் சொல்லி, பிள்ளை சொன்னது தப்பு என்று மன்னிப்புக் கேட்டாள். சிலர் முணுமுணுத்தார்கள். அம்மா உட்காரவில்லை.

“இந்த வாரம் எங்க வீட்டுல சோறு பத்துச்சு. வந்தவங்களுக்கும் பத்துச்சு. அதான் என் சாட்சி.”

யாருக்கும் எப்போது கைதட்டுவது என்று தெரியவில்லை. முன்வரிசையில் பாஸ்டரம்மா தலையைக் குனிந்து, ஏற்கெனவே பித்தான் போட்டிருந்த குழந்தையின் சட்டைக்கு மறுபடியும் பித்தான் போட்டாள். பாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லி மைக்கைக் கீழே வைத்தார். அம்மாவின் சாட்சி சின்னதாக இருந்ததில் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். ஒரு தையல் இயந்திரமாவது கிடைத்ததாகச் சொல்லியிருக்கலாம். போயும் போயும் சோறு.

அன்று திரும்பும்போது வேனில் நான் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை.