நீட்டம்மா கச்சேரிக்குப் போகிறவள்

கல்யாணமான புதிதில் என் மனைவி என்னைக் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குப் பாட்டு பிடிக்குமா?" என்பதுதான். பிடிக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை ஊர் ஊராகப் பை தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவள் நூல் மில்லில் வேலை பார்த்தவள். பெரிய ஷெட்டுக்குள் வரிசை வரிசையாக நூல் சுற்றும் கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்டி ஓடவிடுவது அவள் வேலை. அந்த இரைச்சலில் யாரும் யாருடனும் வாய்விட்டுப் பேச முடியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், இல்லையென்றால் கைஜாடை. சாப்பிடப் போகலாம் என்பதற்கு ஒரு விரல், மேஸ்திரி வருகிறார் என்பதற்கு ஒரு புருவம்.

மில்லுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு கச்சேரி அரங்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த ஒருநாள் மழைக்காக அதற்குள் ஒதுங்கியிருக்கிறாள். மேடையில் ஒரு பாடகி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "ஒரு நேரத்துல ஒரு சத்தம் மட்டும் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" என்று என்னிடம் பின்னால் சொன்னாள். அவளுக்குச் சங்கீதப் பைத்தியம் பிடித்த கதை இவ்வளவுதான். ராகங்களின் பெயரெல்லாம் பிறகு கற்றுக்கொண்டது.

அந்தப் பாடகிக்கு நான் வைத்த பெயர் நீட்டம்மா. மேலே ஒரு சுரத்துக்குப் போய்விட்டால் அந்த அம்மாவுக்கு இறங்கவே மனசு வராது. அசையாமல் அங்கேயே நிற்பார். அதற்குக் கார்வை என்று பெயராம். வயலின்காரர் வில்லை மடியில் வைத்துவிடுவார். என் மனைவி மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருப்பாள். நான் தூங்கிப்போயிருப்பேன்.

எனக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும், நீட்டம்மா எந்த ஊரில் பாடினாலும் அந்த ஊருக்கு ரயில் ஏற ஆரம்பித்தோம். ஊரைச் சுற்றிப் பார்த்தாயா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். அவள் பார்த்ததெல்லாம் மேடை. நான் பார்த்ததெல்லாம் தங்கிய விடுதிகளின் லிஃப்ட். எந்த ஊரில் கயிறு தேய்ந்திருக்கிறது, எந்த ஊரில் கதவு முனகுகிறது என்று வேண்டுமானால் கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். மொழி தெரியாத ஊரிலும் அவள் பக்கத்து நாற்காலிக்காரியோடு சிநேகமாகிவிடுவாள். பாட்டில் ஒரு சங்கதி நன்றாக விழுந்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டுவார்கள். அதற்கு மேல் பேச்சு தேவைப்படுவதில்லை. எனக்கு அந்த நேரங்களில் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. உதடு பார்த்துப் பழகியவள் ஆயிற்றே, நேரில் பேசினால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிடுவாள். கச்சேரியில் வரிசை வரிசையாக முன்னால் நகர்ந்துகொண்டே போனாள். பக்தி முற்றிவிட்டது என்று கேலி செய்தேன். கடைசியில் வெளியூரில் இருக்கும் மகள்தான் போனில் கண்டுபிடித்தாள்.

"அப்பா, நேத்து அம்மாகிட்ட கால் சுளுக்கிடுச்சுன்னு சொன்னேன். 'ரொம்ப நல்லது, இப்படியே இரு'ங்கிறாங்க."

மகளே வந்து அழைத்துப் போய் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மெஷின் வந்த பிறகு வீட்டில் குழாய் சொட்டுவது அவளுக்குக் கேட்டது. மாடிப்படியில் யார் வருகிறார்கள் என்று கேட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நான் முணுமுணுப்பதும் கேட்டது. என் சுதந்திரம் அன்றோடு போயிற்று.

மெஷினோடு போன முதல் கச்சேரிக்குப் பாதி நாள் ரயில் பயணம். புதுப் புடவை கட்டியிருந்தாள். அரங்கத்தில் என் நாற்காலிக்கு ஒரு கால் சரியில்லை, அதனால் நான் தூங்கவில்லை. நீட்டம்மா வழக்கம்போல மேலே போய் நின்றார். இவள் இரண்டு முறை காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

முடிந்து படி இறங்கும்போது சொன்னாள்: "பாவம், அவங்களுக்கு வயசாயிடுச்சுங்க. மேல போனதும் குரல் நிக்கல. நடுங்குது, அப்புறம் இல்லாமலே போயிடுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொல்ற நீ? அந்தம்மா இழுத்து இழுத்து என் உயிரை வாங்கிட்டாங்க. அசையவே இல்ல."

அவள் என் உதட்டையே பார்த்தாள். நான் சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு விடுதி வரைக்கும் காது மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் மெஷின்களைக் கழற்றி மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள். "அடுத்த மாசக் கச்சேரி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க. இது இல்லன்னா கேக்கல. இது இருந்தா பாட்டு இல்ல. எதுக்கு அலையணும்?" என்றாள். இனி எனக்கு ஊர் ஊராக அலைச்சல் இல்லை, நாற்காலித் தூக்கம் இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் பாட்டு இல்லாத அவளை எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது.

மறுநாளே மெஷின் பொருத்திவிட்ட பெண்ணிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். போன வேகத்தில் ஒரு சத்தமும் போட்டேன். அந்தப் பெண் கோபிக்காமல் விளக்கினாள்.

"சில சமயம் மெஷின் தானாவே விசிலடிக்கும் சார். அதை அடக்க உள்ளயே ஒரு செட்டிங் இருக்கு. ஒரே சுரம் ரொம்ப நேரம் நின்னா அதையும் விசில்னு நெனச்சு வெட்டிடுது."

"அப்ப நீட்டம்மா வாயைப் பொத்தினது இதுதானா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. லிஃப்ட் கதவுக்கும் இதே புத்திதான். குறுக்கே ஆள் கை வந்தாலும் திறக்கும், பறந்து வந்த பாலிதீன் பை வந்தாலும் திறக்கும்.

பாட்டுக்கென்று தனியாக ஒரு செட்டிங் போட்டுத் தருவதாக அந்தப் பெண் சொன்னாள். அதிகம் தளர்த்தினால் விசில் கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிபார்க்க வேண்டும். போனில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தோம். குரலோடு வயலினும் சேர்ந்தே வந்ததால் எது வெட்டுப்படுகிறது என்று இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"யாராவது ஒரே சுரமா இழுத்துப் பாடினாத் தேவலை. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு சார்."

"இவளே பாடட்டுமே!"

"அவங்க குரல் அவங்களுக்கு எலும்பு வழியாவே உள்ள கேட்டுடும். வேற ஆள்தான் பாடணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குளியலறையில்கூடப் பாடாதவன்.

"அம்மா, நீங்க கண்ணை மூடிக்கோங்க. இல்லன்னா சார் உதட்டைப் பாத்தே சொல்லிடுவீங்க. கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருங்க."

"ஆ…" என்று ஆரம்பித்தேன். கதவு சாத்தவில்லை. வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப்பார்த்தார்கள். இவள் கை மேலே போனது. கொஞ்ச நேரத்தில் தயங்கிக் கீழே இறங்கியது. நான் இன்னும் பாடிக்கொண்டிருந்தேன். அவளைப் பொறுத்தவரை நான் அங்கே இல்லை. அது என்னை என்னவோ செய்தது.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ நகர்த்தினாள். மறுபடி பாடினேன். இந்தத் தடவை கை சற்று அதிகம் நின்று, பிறகு விழுந்தது. இன்னும் நகர்த்தினாள். மெஷின் கீச்சென்று கத்தியது. ஒரு பிடி குறைத்தாள். எனக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பிடித்தேன். வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அவள் கை மேலேயே இருந்தது. இறங்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது, கண் பிதுங்கியது, விடாமல் இழுத்தேன். இனி முடியாது என்று நான் நிறுத்திய அதே நொடியில் கை இறங்கியது.

கண்ணைத் திறந்தாள். "ஏங்க."

"என்ன?"

"கடைசி வரைக்கும் கேட்டுச்சு. சுருதிதான் ஒரு இடத்துலகூடச் சேரல."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப இன்னொரு தடவை பாடறேன். எங்க சேரலன்னு சொல்லு."